மைனஸ் நாற்பது

ஒத்தக்கடை. வைகாசி பிறந்து பத்து நாள்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மூன்று மணிக்கு யானைமலை
எங்கள் ஷெட்டுப் பக்கம் துப்புகிறது.
பானெட்டில் வைத்த உள்ளங்கை
வைத்த வேகத்தில் திரும்பி வருகிறது.

டாஷ்போர்டில் மட்டும்
வெளியே மைனஸ் நாற்பது.

'ஏசி வரமாட்டேங்குது சகாயம்மா.
ரெண்டு தடவ கேஸ் அடிச்சாச்சு.'
பூவலிங்கம். மேலூரில் டைல்ஸ் கடை.
சட்டை முதுகோடு முதுகாகிவிட்டது.

கேஸ் இருக்கிறது. கம்ப்ரஸர் இருக்கிறது.
கம்ப்யூட்டர்தான் உத்தரவு தரவில்லை.
பனிக்கட்டி ஊரில் எதற்குக் குளிர்ச்சி என்று
ரிலேயைக் கட்டிப் போட்டிருக்கிறது.

அதற்குத் தோல் கிடையாது.
முன்கண்ணாடி ஓரம் மிளகளவு டையோடு ஒன்று
வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லும்.
ஸ்டியரிங் பக்கத்துச் சின்னச் சல்லடைக்குள்
குட்டி ஃபேன் ஒன்று
உள்காற்றை இழுத்து மோந்து பார்க்கும்.
பம்பருக்குப் பின்னால்
மேலூர் ரோட்டுக் கிரானைட் தூசியைத் தின்றபடி
தொங்குகிறது மூன்றாவது.
சூடு ஏறினால் அதன் தடை இறங்கும்,
குளிர்ந்தால் ஏறும்.
ஐந்து வோல்ட்டை அனுப்பிவிட்டு
மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் கம்ப்யூட்டர்.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கோடை.

மல்லாந்து உள்ளே நுழைகிறேன்.
டார்ச் வெளிச்சத்தில்
எலிப்புழுக்கை, கொஞ்சம் உமி,
பாதியில் நின்ற பச்சை வயர்.
மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை.

பதில் வராததை
பதில் வரவில்லை என்று அது படிப்பதில்லை.
அந்தப் பக்கம் உறைந்துவிட்டது என்று படிக்கிறது.

மேலே பூவலிங்கம் போன் போடுகிறார்.
மூன்றாவது முறையும் ரிங் முழுசாகப் போய் அடங்குகிறது.
'எடுத்து ஒரு வார்த்த பேசினா என்னவாம்?
கல்லு. அவ ஆத்தா மாதிரியே கல்லு.'
ஷெட்டுக் கம்பத்திடம்தான் சொல்கிறார்.
என் வாயில் இன்சுலேஷன் டேப்.

சீவி, முறுக்கி, ஈயம் வைத்து,
சாவியைத் திருப்பச் சொல்கிறேன்.
நாற்பத்து மூன்று.

டொக்.
கிளட்ச் பிடித்துக்கொண்டது.
டாஷ்போர்டு வயிற்றுக்குள் ஒரு மோட்டார்
கதவைக் கொஞ்சம் தள்ளி,
எங்கே நிற்கிறோம் என்று தன்னையே கேட்டு,
இன்னும் கொஞ்சம் தள்ளி,
சூட்டு வழியைச் சாத்துகிறது.
முதலில் அலறிய ப்ளோயர்
இருபத்து நாலை நெருங்க நெருங்க
யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

முன்னூற்றைம்பது என்றேன். நானூறாகத் தந்தார்.
'அப்ப கேஸு?'
'கேஸெல்லாம் நல்லாத்தாண்ணே இருந்துச்சு.
நடுவுல அந்து போயிருந்துச்சு, அம்புட்டுதேன்.
அந்தப் பக்கம் சூடு அப்படியே இருக்கு.'

'எந்தப் பக்கம்?' என்றார்,
கையிலிருந்த போனைப் பார்த்தபடி.

பம்பர்ப் பக்கம் என்றேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
வண்டி வெகுநேரம்
கிளம்பாமல் ஓடிக்கொண்டிருந்தது.