கடிகாரத்துக்குக் கீழே ஒரு காலி மாடம்

கடிகாரத்துக்குச் சரியாகக் கீழே
ஒரு மாடம் இருக்கிறது.
உள்ளே யாரும் இல்லை.
ராணி நின்ற இடம் என்கிறார் காம்ளே.
எப்போதோ இறக்கிவிட்டார்கள். எங்கே போனாள் என்று
அவருக்குத் தெரியாது, எனக்குத் தேவையும் இல்லை.
எனக்கு வேலை புறா எச்சம்.

மூங்கில் சாரம், சணல் கயிறு,
இடுப்பில் வார், அரை வாளித் தண்ணீர்.
கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடாது.
இது மாலாட் கல், மஞ்சள், இளகின ஜாதி.
கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்க்கணும் என்று
மூன்று மொழியில் சொல்லிவிட்டார்கள்.
என் பிள்ளையை நான்
இவ்வளவு மெதுவாகக் குளிப்பாட்டியதில்லை.

ஒரு மாதமாக மேலே ஏறுகிறேன்.
இருபது வருஷம் கீழே நடந்தும்
பார்க்காமல் விட்டவர்கள் இங்கே ஏராளம்:
இலைக்குள் ஒளிந்த அணில்,
பாம்பை முறைத்தபடி
நூறு வருஷத்துக்கும் மேலாய்க் கடிக்காத கீரி,
மழை பெய்தால் வாய் பிளந்து துப்பும் ஒரு மிருகம்
(அது நாயா முதலையா என்று
எனக்கும் பிந்தேஷ்வருக்கும் இன்னும் தகராறு).
வட்டங்களுக்குள் முகங்கள் வரிசையாய்.
ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு தலைப்பாகையாம்.
என் ஜாடையில் ஒருத்தனைத் தேடினேன்.
தலையில் எதுவும் கட்டாதவனுக்கு
வட்டம் ஒதுக்கவில்லை.

வாசல் தூணில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி.
சிங்கம் அவங்க, புலி நாம என்கிறார் காம்ளே.
இரண்டின் முதுகையும்
ஒரே வாளித் தண்ணீரில்தான் கழுவினேன்.

பெயர்ப்பலகையை எத்தனை தடவை மாற்றினாலும்
வி.டி. என்றால்தான் டாக்ஸிக்காரன் திரும்பிப் பார்க்கிறான்.
தாராவியில் சில கிழவர்களுக்கு இது இன்னும் போரிபந்தர்.
கல்லுக்கு எதைச் சொன்னாலும் சம்மதம்.

செவ்வாய்க்கிழமை ஒரு கல் இலையின் பின்புறத்தில்,
மழைகூட எட்டாத இடத்தில்,
உளியால் இழுத்த ஐந்து கோடு பார்த்தேன்.
கூலிக் கணக்கோ, தேநீர் வரத் தாமதமோ.
அதை மட்டும் தேய்க்கவில்லை.
பிந்தேஷ்வரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மாடத்தின் முறை.
சாரத்திலிருந்து கை எட்டவில்லை,
உள்ளே கால் வைத்து ஏறினேன்.
முதுகை உள்சுவரில் சாய்த்ததும்
கல் ராத்திரிக் குளிரை இன்னும் வைத்திருந்தது.
தலைக்கு மேல் கடிகாரத்தின் அடிவயிறு
ஒரு தடவை குலுங்கி முன்னே நகர்ந்தது.
மணி எட்டு ஐம்பத்திரண்டு.

குர்லா பக்கமிருந்து வந்த கூட்டம்
கீழே வாசலில் கொட்டியது.
டிபன் பை, லேப்டாப் பை, கறுப்புக் குடை,
காதில் கம்பி செருகிய பையன்கள்,
நனைந்த தலையோடு கல்லூரிப் பெண்கள்.
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
ராணிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?
பிரஷை நெஞ்சோடு அணைத்து
ஒரு நிமிஷம் நின்றேன்.
நிமிஷம் என்பது சும்மா. நாலைந்து இருக்கும்.

அந்தக் கூட்டத்தில்தான் என் ஜெசிந்தாவும் போகிறாள்,
கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் தேநீர் கொடுக்க.
அவள் குடை பச்சை. தேடினேன்.
பச்சைக் குடை ஏழு போனது.
"அய்யாக்குட்டி, செத்துட்டியா?" என்று
காம்ளே கீழேயிருந்து விசிலடித்தார்.

ராத்திரி சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்:
"வி.டி.யில கடிகாரத்துக்குக் கீழ
புதுசா ஒரு சிலை வச்சிருக்காங்க.
ஒல்லியா, கறுப்பா.
என்ன கூத்தோ தெரியல,
தலையில மஞ்சக் கலர்ல ஹெல்மெட்."
"யார் சிலை?"
"யாருக்குத் தெரியும். லேட்டாயிடுச்சு, ஓடிட்டேன்."

குழம்பை ஊற்றினாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வியாழன் காலை போனபோது
மாடம் முழுக்கப் புறா.