பதினோராவது வரி

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
டயர் கடை மாடியில்
பெள்ளியப்பா ஒரு பென்சிலும்
இரண்டு பக்கப் படிவமும் தந்தான்.
"மரத்தில் ரம்பம் படும்வரை
எதையும் அழிக்கலாம்" என்றான்
பாதிக் கன்னடத்தில், மீதித் தமிழில்.

முதல் வரி சுலபம்: ஆறு தந்தி.
ஏழு, எட்டெல்லாம் என் சம்பளத்துக்கு மேலே.
தந்தியின் நீளம், இருபத்து நாலே முக்கால் அங்குலம்.
கை சின்னது எனக்கு.
வளையல் கடையில் ரெண்டு-நாலு.

உடலுக்கு என்ன மரம்?
பலா என்று நாக்கு நுனிவரை வந்தது.
வேண்டாம்.
பலா என்றால் பார்க்கிறவர்களெல்லாம்
வீணையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.
அவன் ஊர்க் காப்பித் தோட்டத்தில்
மிளகுக்கொடி சுமந்து நின்ற சில்வர் ஓக்
பலகையாகி மூலையில் சாய்ந்திருந்தது.
தட்டினேன்.
உள்ளறையிலிருந்து யாரோ
"இதோ வர்றேன்" என்பது மாதிரி ஒரு சத்தம்.
எழுதினேன்.
பக்கத்திலேயே: எடை மூன்று கிலோவுக்குள்.
ஹென்னூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவள் நான்.

நிறத்துக்கு அரை மணி நேரம் போனது.
கத்தரிப்பூ நிறம் என்றேன்.
போனில் தேடி
பளபளவென்று ஒரு கத்தரிக்காயைக் காட்டினான்.
காய் இல்லையப்பா, பூ.
பூவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
"இது இவ்வளவு அழகா?" என்றான்
தினமும் சாம்பாரில் அதைத் தின்கிறவன்.

பதினோராவது வரியில்
இடக்கை என்று எழுதி நகர்ந்தேன்.
பென்சிலைப் பிடித்துக்கொண்டான்.
"தந்தி எந்தப் பக்கம்?"

பத்தொன்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி.

ரூபன் இரவு ஷிஃப்டுக்குப் போன பிறகு
அவன் வலக்கைக் கிட்டாரைக்
கவிழ்த்துப் பிடித்துக் கற்றேன்.
தந்தியைக் கழற்றி மாட்டினால் காலையில் தெரிந்துவிடும்.
அதனால் மெல்லிசு மேலே, தடித்தது கீழே.
புத்தகத்துப் படங்கள்
கண்ணாடியில் காட்டினாலும் எனக்குப் பொருந்தாது.

கவிழ்த்ததில் வால்யூம் குமிழும் மேலே ஏறிக்கொண்டது,
சரியாக முழங்கைக்கு அடியில்.
வேகமெடுத்தால் கை உரசும்.
உரச உரச சத்தம் இறங்கும்.
"கோபம் வந்தால் நீ மட்டும் ஏன்
மெதுவாகிறாய்?" என்பாள்
டிரம்ஸ் வாசிக்கும் நஸ்ரீன்.
ஒரு விமர்சனத்தில் என் நிதானத்தைப் பாராட்டியிருந்தார்கள்.
கத்தரித்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன்.
நிதானம் இல்லை அது.
முழங்கை.

"இது உனக்கென்றே செய்வது.
தந்தியை முறைப்படி வைத்துவிடலாம்.
ஆறு மாதத்தில் பழகிவிடும்."
சுவரிலிருந்து ஓர் இடக்கைக் கிட்டாரை எடுத்துத் தந்தான்.
வாசித்தேன்.
என் வாய் அசைய
வேறு யாரோ டப்பிங் பேசினார்கள்.
இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை
அந்தக் குரலுக்கு உதடு பொருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

மெல்லிசு மேலே என்று எழுதினேன்.
தப்பாகவே இருக்கட்டும், என் தப்பு.

"குமிழ்?"

இதற்குத்தான் கை நின்றது.
கீழே என்று எழுதி
அழித்து
டயர் கடைக் கம்ப்ரஸர் ஓடி ஓயும்வரை உட்கார்ந்திருந்து
மறுபடி கீழே என்று எழுதினேன்.
முழங்கைக்கு எட்டாத இடத்தில்.
பேப்பர் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

முன்பணம் அனுப்பிவிட்டுப் படியிறங்கும்போது
நஸ்ரீனுக்கு மெசேஜ் போட்டேன்:
இனி பாதியில் சத்தம் இறங்காது.
உரசுகிற இடத்தில் குமிழ் இல்லை.

இரண்டு டிக்கும் நீலமாகி
வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
தூறல் ஆரம்பித்திருந்தது.

பிறகு:
"அப்படியென்றால்
எட்டு வருடமாக நீ இறங்கும்போதெல்லாம்
நானும் கூடவே இறங்கினேனே,
அது?"

பஸ் வந்துவிட்டது.
தோளில் எதுவும் இல்லாமல் ஏறி
கம்பியைப் பிடித்து நின்றேன்,
முழங்கையைக் கொஞ்சம்
விரித்து வைத்துக்கொண்டு.