இரும்பு படாமல்

பத்தேகாலுக்குப் பிளேன்ரீ.
முகக்கவசங்களைக் கழற்றி
வீரை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு
அலைகரையைப் பார்த்தபடி குந்தியிருந்தோம்.
வேல்ஸிலிருந்து வந்த பயிற்சிக்காரர் இவான்
குளத்தைக் கண்டதும் ஒரு கதை தொடங்கினார்.

மொழிபெயர்க்கிற துசிகரன்
முதலில் தேவதை என்றான்,
பிறகு மோகினி,
பிறகு தலையைச் சொறிந்து
"தண்ணிப் பெட்டை" என்றான்.
சரி, அப்படியே இருக்கட்டும்.

அவளுடையது மலைக்குளம், கட்டோ துருசோ இல்லாதது.
நீர்மேல் இருந்து தலை வாரினாளாம்.
மாடு மேய்க்க வந்தவன் பாண் நீட்டினான்.
கடினம் என்றாள்.
மறுநாள் சுடாத மா. அதுவும் வேண்டாம்.
மூன்றாம் நாள் அரைவேக்காடு.
அதற்குச் சம்மதித்தாள்.
"நாங்களும் அதுக்குத்தானே சம்மதிச்சனாங்கள்"
என்றாள் நேசராணி.
பிளேன்ரீ எனக்கு மூக்கால் வந்தது.

சீதனம்: ஒரு மூச்சில் அவள் எண்ணக்கூடிய அளவு மாடு,
குளத்துக்குள்ளிருந்து, ஈரத்தோடு.
நிபந்தனை: அவள்மேல் இரும்பு படக்கூடாது.

இங்கே யாரும் சிரிக்கவில்லை.
எங்களில் மூன்று பேருக்கு இரும்பு உடம்புக்குள்ளேயே இருக்கிறது.
நேசராணியின் தோளுக்குக் கிட்டக் கொண்டுபோனால்
கருவி கத்தும்.
காலையில் அதைச் சரிபார்க்கத்
தன்னைவிட நல்ல சாமான் இல்லை என்பாள்.

பிறகென்ன, பட்டது.
குதிரைக்குக் கடிவாளம் எறிகையில், தெரியாமல்.
அவள் அழவில்லையாம்.
மாடுகளை ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.
உழுதுகொண்டு நின்ற எருதுகள்
கலப்பையையும் இழுத்துக்கொண்டு போயின.
வெட்டிக் கொக்கியில் தொங்கவிட்ட கறுத்தக் கன்றும்
உயிர்த்து இறங்கிப் பின்னால் ஓடியது.
குளம் மூடிக்கொண்டது.

விசில்.

பதினொன்றரைக்கு என் பாதையில் கருவி கத்தியது.
முழந்தாளிட்டு, பக்கவாட்டில் கரண்டியால் விறாண்டி விறாண்டி
பதினொரு சென்ரிமீற்றரில்
மாட்டுச் சங்கிலி, கழுத்து வளையத்தோடு.
அறுந்ததில்லை, வெட்டியதுமில்லை.
கொளுக்கியை யாரோ கையால் கழற்றியிருக்கிறார்கள்,
செல் விழுந்துகொண்டிருந்தபோது
அதற்கும் ஒரு நிமிடம் ஒதுக்கி.
படிவத்தில் எழுதினேன்:
பழைய இரும்பு, ஒன்று.
என்ன பேர் சொல்லி அனுப்பினார்களோ,
அதை எழுதக் கட்டம் இல்லை.

மூன்றரைக்கு, வாகனம் வரும்வரை நிற்கையில்
எதிர்க்கரையில் ஒல்லிக்கொடிகளைப் பிய்த்துக்கொண்டு
குழுமாடுகள் ஏறின.
கயிறில்லை, குறிசுட்ட தழும்பில்லை,
முதுகெல்லாம் சல்வீனியா.
ஒருத்திக்கும் சொல்லாமல்
மூச்சைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன்.
பத்தொன்பது.
இருபதாவதுக்கு
(கன்று, கறுத்தது, கடைசியாய் ஏறியது)
மூச்சுப் போதவில்லை.