அடிப்பக்கம்

பதினோரு வருஷமாக டெல்ஃபின் செய்தது
சமையலறைப் பெட்டிகள்.
மரத்தூளை அழுத்திய பலகை, மேலே வெள்ளைத் தாள்,
நாற்பது கீல், நூற்றறுபது திருகு.
வெள்ளிக்கிழமை காசோலை.
நான் ஊராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
மெய்ன் மாநிலத்தில் குளிருக்குப் பஞ்சமில்லை.
இருவருக்கும் வேலை வேலையாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு வின்ஸ்லேட் வீட்டு மேஜை வந்தது,
கால் ஒன்று விரிந்து,
குதிரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு.
ஒரு மணி நேர வேலை என்றாள்.
இரவு பத்துக்குப் போய் எட்டிப் பார்த்தால்
இழுப்பறையைக் கவிழ்த்துப் போட்டு
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
விரல் நுனியால் படித்துக்கொண்டிருக்கிறாள்.
"வா, தொட்டுப் பார்."
தொட்டேன். அலை அலையாக இருந்தது,
தண்ணீர் வடிந்த ஆற்று மணல் மாதிரி.
"இழைப்புளி போன தடம். இருநூற்றைம்பது வருஷம்.
அந்த ஆள் இதைத் தேய்க்கவே இல்லை."
அந்த ஆள் என்றாள்,
பக்கத்துத் தெருக்காரனைச் சொல்வது போல.
ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கூட்டல் கணக்கு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"தப்பு."
அவ்வளவு சந்தோஷமாக யாரும்
யார் தப்பையும் சொல்லி நான் கேட்டதில்லை.

காய்ச்சல் அப்படித்தான் தொற்றியது.
முதலில் பழைய இழைப்புளி ஒன்று, ஞாயிற்றுச் சந்தையில், ஆறு டாலர்.
அதற்குத் துணையாக இன்னொன்று.
மின்ரம்பத்தின் மேல் துணி விழுந்தது,
துணியின் மேல் உளிகள் விழுந்தன.
அடுப்பில் என் சூப்புக்குப் பக்கத்தில்
தோல் பசை உருகிக்கொண்டிருக்க,
மகள் ஒடெட் மூக்கைப் பிடித்தாள்:
செத்த மாடு நாறுதம்மா.
அருங்காட்சியகத்துக்குப் போனால்
எல்லோரும் நின்று பார்க்கும் அலமாரிக்குக் கீழே
இவள் மல்லாந்து படுக்கிறாள்.
காவலாளி இப்போதெல்லாம்
பேர் சொல்லித்தான் எழுப்புகிறார்.

சொந்தமாக ஒன்று தொடங்கினாள்.
செர்ரி மரம், வளைந்த கால் நான்கு,
பாதத்தில் பந்தைப் பற்றிய நகம்.
முதல் கால் யானைக்கால்.
இரண்டாவது, நனைந்த கோழி.
மூன்றாவதை அடுப்பில் போட்டோம், நன்றாக எரிந்தது.
ஏழாவது நின்றது,
நின்றது என்றால்,
இதோ நடக்கப்போகிறேன் என்று நின்றது.

இரண்டு குளிர்காலம்.
பெட்டிக் காசோலைகள் மெலிந்தன.
நான் ராத்திரிப் பனியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் கடைசியில், முடிந்தது என்று கூப்பிட்டாள்.
ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் வழுக்கி விழுந்தது.
நான் விசிலடித்தேன்.
அவள் முகம் மட்டும் புளித்திருந்தது.
இழுப்பறையை உருவிக் கவிழ்த்தாள்.
"பார். அடியிலும் கண்ணாடி மாதிரி இழைத்து வைத்திருக்கிறேன்."
"நல்லதுதானே?"
"எவன் பார்க்கப் போகிறான்?
அந்த ஆள் இதற்கு ஒரு நிமிஷம்கூடக் கொடுத்திருக்கமாட்டான்.
அவனுக்கும் மாவுக் கடையில் பாக்கி இருந்திருக்கும்.
அவனுக்கும் வெள்ளிக்கிழமை உண்டு."

வளைவான அலகு போட்ட இழைப்புளியை எடுத்தாள்.
குறுக்கே, சடசடவென்று,
யோசிக்காமல், சீவல் முழங்கைக்கு மேல் பறக்க.
நான்கே நிமிஷம்.
அந்தத் தோளை எனக்குத் தெரியும்:
நாளைக்குள் முப்பது கதவு வேண்டும் என்று
ஒப்பந்தக்காரன் போனில் கத்தும்போது வரும் தோள்.
இரண்டு வருஷமாக அதை
அவமானம் போல ஒளித்து வைத்திருந்தாள்.

கையை நீட்டித் தடவினேன். அலை அலையாக.
கணக்கு எதுவும் எழுதவில்லையா என்றேன்.
"மரத்துக்கு ஆன செலவை எழுதினால்
நீ கூட்டிப் பார்ப்பாய்."

எங்கள் சமையலறையில் மூன்றாவது அலமாரிக்கு
இன்னும் கதவு இல்லை.
கேட்டால்,
எந்தக் காலத்துக் கதவு வேண்டும் என்கிறாள்.