இரண்டு பேருக்கு மூன்று கையுறை

பனி தள்ளும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு
தூங்கப் போகாமல் ஆற்றுக்கு வந்தேன்.
இரவெல்லாம் சாலையைச் சுரண்டியவளுக்கு
சுரண்ட முடியாத ஏதாவது ஒன்று
பார்க்க வேண்டியிருந்தது.

பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
மேடிசன் ஆறு கரையோரம் மட்டும் உறைந்து
நடுவில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

என் இடத்தில் ஓரின் நின்றிருந்தான்.

என் இடம் என்கிறேன்.
ஆற்றில் அப்படியெதுவும் கிடையாது.
ஆனாலும் சாய்ந்த பைன் மரத்தடியில்
பாய்ந்து வந்த தண்ணீர் களைத்து உட்காரும் அந்த மடுவை
விட்டால் ஜனவரியில் ட்ரவுட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை.
அவனுக்கும் தெரியும்.
காட்டிக்கொடுத்தவளே நான்தான்,
அவன் என் தங்கையின் கணவனாக இருந்தபோது.

அவள் நாயோடு ஸ்போகேனுக்குப் போய்விட்டாள்.
எங்களுக்குள் மிஞ்சியது
நான் விற்ற பழைய டிரக்கும்
அவன் தராத பாக்கியும்
மூன்று வருஷப் பேச்சின்மையும்.

தலையை அசைத்தான். அசைத்தேன்.
இருபதடி தள்ளி இறங்கினேன்.

குளிர்காலத்தில் தூண்டில் போடுவதென்பது
பாதி நேரம் பனியை உருக்குவதுதான்.
கோலின் வளையமெல்லாம் அடைத்துக்கொள்ளும்.
வாயருகே வைத்து ஊத வேண்டும்,
புல்லாங்குழல் தெரியாதவள் ஊதுவதுபோல.
நான்கு வீச்சு, ஓர் ஊதல்.
ஈ என்று பேர், எள்ளில் பாதி.
கறுப்பு நூல் ஆறு சுற்று, வாத்திறகில் ஒரு பிசிறு.
அதற்கொரு கண் இருக்கிறது, நரம்பு அதற்குள் போகவேண்டும் என்று
மரத்துப்போன விரலுக்கு யார் எடுத்துச் சொல்வது?

கோடையில் மீன் துரத்தி வரும்.
இப்போது வாய்க்கு நேரே போனால் திறக்கும்,
ஒரு சாண் தள்ளிப் போனால் திறக்காது.
சோம்பல் இல்லை.
ஒரு கொசுவுக்காக எவ்வளவு நகரலாம் என்று
உடம்பு போட்டு வைத்திருக்கும் கணக்கு.

முடிச்சுப் போட இடது கையுறையைக் கழற்றிப்
பல்லில் கடித்திருந்தான் ஓரின்.
என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தான்.
விழுந்தது.
கோலை நீட்டினேன், எட்டவில்லை.
ஐந்து விரலையும் விரித்தபடி
பனிப்பாளத்துக்கு அடியில் போய்விட்டது.

சொல்ல வந்தது என்னவென்று நான் கேட்கவில்லை.

வெறுங்கையோடு பத்து நிமிஷம் நிற்கிற குளிரா அது?
என் இடது கையுறையைக் கழற்றி நீட்டினேன்.
இனி ஒரு கோல், முறை வைத்து.
வீசுகிறவருக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று,
மிச்சக் கை சட்டைக்குள்.

"ஐந்து" என்றான்.
"சரி" என்றேன்.
மூன்று வருஷத்தில் பேசியது அவ்வளவுதான்.

கையுறை வந்தது, போனது, வந்தது.
ஒவ்வொரு தடவையும் உள்ளே அவன் சூடு.
எனக்கு அது பிடிக்கவில்லை.
கழற்றவும் இல்லை.

அவன் முறையின் மூன்றாம் வீச்சில்
நரம்பில் கட்டிய ஆரஞ்சுக் கம்பளித் துணுக்கு நின்றது.
மூழ்கவில்லை,
எதையோ மறந்தவர் நடுவழியில் நிற்பதுபோல நின்றது.
"தூக்குடா!" என்று கத்தினேன்.

வெறுங்கை என்னுடையது, பிடிக்க வேண்டியவளும் நானே.
வெளியே எடுத்தால் இந்தக் குளிரில் செவுள் உறைந்துவிடும்.
மண்டியிட்டு முழங்கை வரை தண்ணீரில் விட்டேன்.
பழுப்பு ட்ரவுட்,
முதுகில் மிளகுப்பொடி,
விலாவில் நான்கு சிவப்புப் புள்ளி,
ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வட்டம்.
முள் தானாகவே கழன்றது.

மீன் போகவில்லை.
என் எலும்பு வரை குடைந்த அந்தத் தண்ணீரில்
என் கை அதற்குச் சுட்டிருக்கும்.
ஆனாலும் உள்ளங்கைமேல்
செவுளைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.
ஓரின் போனை எடுத்தான், குளிரில் செத்திருந்தது.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
பிறகு அங்கே கூழாங்கல் மட்டும் இருந்தது.

"அறுநூறு, இல்லையா?" என்றான்
மேட்டில் ஏறும்போது.
"அறுநூற்று நாற்பது."
"கையை உள்ளே வை, நீலமாகிவிட்டது."

அன்றிரவு மறுபடி பனி கொட்டியது.
வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைத் தொட்டபோதுதான் தெரிந்தது
இடது கை வெறுமையாக இருப்பது.

இப்போது அறுநூற்று நாற்பது டாலரும்
ஒரு கையுறையும்.