தொப்பி

கார்த்திகை மழையில் பட்டியலோடு வந்தான் சிப்பாய்.
தலைப்பாகை வெளியே, தொப்பி உள்ளே.
புதுச்சேரியில் அரிசி தீர்ந்துவிட்டது,
அதனால் இந்தக் கணக்கு.

எங்கள் தெருவில் எங்கள் ஆண்கள் பத்துப் பேர்.
பத்து இருந்தால்தான் ஜெபம் கூடும்.
என்னை அதில் சேர்க்கமாட்டார்கள்;
எண்ணிப் பார்ப்பது மட்டும் என் வேலை.

பத்தாவது ஆள் எலியாகு, கொச்சிக்காரன்.
எங்களைவிடப் பழைய யூதன்,
எங்களைவிடக் கறுப்பு,
தலையில் முண்டாசு.
லிவோர்னோவிலிருந்து பவழத்தோடு கப்பலேறி வந்த
என் செத்த புருஷனின் தொப்பி ஆணியில் தொங்கியது.
எடுத்து அவன் தலையில் கவிழ்த்தேன்.
காதுவரை இறங்கியது.
சிப்பாய் பார்த்தான், சிரித்தான்,
அடுத்த வீட்டுக்குப் போனான்.

முற்றத்தில் செங்கேணி நின்றிருந்தாள்,
குடத்தை இறக்காமல்.
சனிக்கிழமைகளில் எங்கள் அடுப்பை மூட்டுகிறவள்,
பதினோரு வருஷமாக.
என்னைப் பார்க்கவில்லை.
ஆணியைப் பார்த்தாள்.

வில்லியனூர்ப் பாதையில், முள்வேலிக்கும்
இங்கிலீஷ்காரன் பீரங்கிக்கும் நடுவே
எட்டு நாள் கிடந்தார்கள் வெளியே போனவர்கள்.
கோரைக்கிழங்கு தோண்டித் தின்றதாகக் கேள்வி.
எங்களுக்கு அது எட்டு ராத்திரி விளக்கேற்றும் பண்டிகை.
முதல் ராத்திரி மட்டும் ஏற்றினோம்.
மிச்ச எண்ணெயைப் பிள்ளைகள்
விரலால் வழித்து நக்கின.

மார்கழியில் கோட்டை யானையை அறுத்தார்கள்.
ஒட்டகம் ஆகாதென்று வேதம் பெயர் சொல்லியிருக்கிறது,
யானைக்குப் பெயரில்லையே என்றார் தாவீது.
குளம்பு பிளந்திருக்கிறதா, போய்ப் பாரும் என்றார் பினெகாஸ்.
விடியும்வரை வாதம். அதிலும் கொஞ்சம் கதகதப்பு உண்டு.
அதற்குள் நான் பிள்ளைகளுக்கு ஊட்டி முடித்திருந்தேன்,
என்ன கறி என்று சொல்லாமல்.

பிறகு புயல். முற்றுகைக் கப்பல்கள் கரையில் சிதறின.
தப்பித்தோம் என்று பத்துப் பேரும் பாடினார்கள்,
பாதிப் பேருக்குக் குரலே வரவில்லை.
பதினைந்தே நாளில் கோட்டை விழுந்தது,
ஒரு வெள்ளிக்கிழமை.

மறுநாள் காலை செங்கேணி வந்தாள்.
குடம் இல்லை. மடியில் ஒரு படி நொய்.
யாரும் கூப்பிடவில்லை;
சனிக்கிழமை தீ மூட்டச் சொல்லிக் கூப்பிடவும் கூடாது.
அடுப்பருகே குந்திச் சுள்ளி ஒடித்தாள்.
எல்லாம் ஈரம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை.

எழுந்து வந்தாள்.
எலியாகு தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினாள்.
அதை வைத்து விசிறினாள்,
விளிம்பு கருகும்வரை.