எடைக்கு முன்

நிற்கச் சொல்லித் தருகிறேன் என்றாள் ஜெனோவா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கொருக்குப்பேட்டை ரேஷன் கடையில்
பதினேழு வருடம் நின்று எடை போட்டவள் நான்.
வெள்ளம் வந்த வருடம்
முழங்கால் தண்ணீரிலும் நின்றேன்.
நிற்பதற்கா மாதம் அறுநூறு ரூபாய்?

எனக்கு வேண்டியது தலைகீழ்.
கைபேசியில் ஒருத்தி
இரண்டு காலையும் ஊதுபத்திபோல் நட்டு வைத்திருந்தாள்.
நாற்பத்து நான்கு வயதில்
ஒருமுறையாவது எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்க
எனக்கும் ஆசை.

எம்.சி. ரோட்டில், நைட்டி மொத்தக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடிக் கொட்டகை. ஆறு பாய்.
காற்று திரும்பினால் மணலியின் வாடை.
ஜெனோவாவுக்கு இருபத்தாறு;
காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பிரிக்கிற வீட்டுப் பெண்.
எங்கே ஒழுகுகிறது என்று தேடும் கண்ணால்
என் பாதத்தைப் பார்த்தாள்.
"எடது குதிகால்லயே குடியிருக்கீங்க.
வலது காலு சொம்மா வந்துட்டுப் போவுது."

அன்றிரவு செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
இடது குதியில் ரப்பர் காகிதமாகியிருந்தது.

முதல் மாதம் முழுக்கக் கால்விரல் விரிப்பது.
சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவேயில்லை.
பிறகு முழங்கால். பிறகு மூச்சு,
ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்குக் காத்திருப்பதைவிட நீளமாக.
"எப்பம்மா தலைகீழ்?"
"முன்கை தாங்கட்டும்."
"எப்பத் தாங்கும்?"
"போறப்போ பாயச் சுருட்டி வெச்சுடுங்க."

பொறுக்கவில்லை.
ஒரு ஞாயிறு, வீட்டுக்காரர் கறி வாங்கப் போன அரைமணியில்
தலையணையை மடித்துச் சுவரோரம் போட்டுக்
காலை உதறினேன்.
சுவர் அங்கேயே இருந்தது. நான்தான் இல்லை.
பீரோ கதவில் ஒரு பள்ளம்,
கழுத்தில் ஒரு பூட்டு.
பள்ளத்துக்கு, எலி என்றேன்.
கழுத்துக்கு, மூட்டை தூக்கினேன் என்றேன்.

ஜெனோவாவிடமும் மூட்டைதான்.
அவள் பின்னால் வந்து உட்கார்ந்து
இரண்டு விரலைக் கழுத்தடியில் வைத்தாள்.
வெகுநேரம்.
கீழே யாரோ டஜன் கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.
"இது மூட்ட இல்ல" என்றாள்.
"ஆளத் தூக்குற வேலய
இந்த எலும்புக்கு யாரும் சொல்லித் தரல.
மொதல்ல தோளுக்குச் சொல்லுவோம்."
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பருப்பு வந்த நாள்.
வரிசை முக்கு திரும்பி நின்றது.
தராசின் ஒரு கால் ஆடியது.
பழைய அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினேன்,
வழக்கம்போல்.
காலித் தட்டில் எண்கள் நடுங்கி நடுங்கிப்
பூஜ்ஜியத்தில் அடங்கும்வரை
அரிசியில் கை வைக்கவில்லை,
வழக்கம்போல்.
கூட்டம் கத்தியது. கத்தட்டும்.
தரை சரியில்லாமல் போட்ட எடை
கிலோவுக்கு நாற்பது கிராம் பொய் சொல்லும்;
இருபது கிலோவில் அது
ஒரு வீட்டின் ஒருநாள் உலை.
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் இதை,
எவ்வளவு அதட்டலாக.

அட்டையின் மிச்சத் துண்டு
வெகுநேரம் என் கையிலேயே இருந்தது.

இப்போது ஏழாம் மாதம்.
முன்கை இரண்டும் பாயில், இடுப்பு மேலே,
உச்சந்தலை தரையைத் தொடாமல் பத்து மூச்சு.
கால் இன்னும் தரையில்தான்.
ஜெனோவா எட்டுவரை எண்ணி
மறந்தவள்போல் மறுபடி ஆறிலிருந்து தொடங்குகிறாள்.
முழங்கால்களின் இடைவெளியில்
தலைகீழாகத் தொங்குகின்றன
பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டி,
காயும் பள்ளிச் சீருடை, கொஞ்சம் வானம்.
போதுமா என்றால் போதாது.
ஆசை அப்படியேதான் கிடக்கிறது.

நேற்று பாமாயில் வாங்க வந்த சந்தனமேரி அக்கா
கார்டை நீட்டியபடி
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"இன்னா மேடம், புதுச் செருப்பா?
ஒசந்துட்ட மாதிரி கீற."
மேசைக்கடியில் எட்டியும் பார்த்தார்.

வெறுங்கால்.